இடிக்கிறதுன்னு முடிவாச்சு, உக்காரு மாப்ளே

வா மாப்ளே, வா. வண்டிய அந்தப் பூவரச மரத்தடியில விடு. காக்கா எச்சம் போடும்னு பாக்குறியா? போடட்டும், இன்னிக்கி உங்கிட்ட எச்சத்தப் பத்தியும் கொஞ்சம் பேச வேண்டியிருக்கு. கையில சுருட்டி வெச்சிருக்கியே, அதுதான் பிளானா? விரி பாப்போம். ஓகோ! முன்னால ரெண்டு தூணு, நடுவுல நெட்டுக்குக் கண்ணாடி, மேல சிமிட்டிப் பூவு. நல்லாருக்கு. பல்லு புடுங்குற டாக்டர் வீடு மாதிரியே இருக்கு. உள்ள நொழஞ்ச ஒடனே நான் வாயப் பொளந்துக்கிட்டு உக்காந்தாலும் உக்காந்துருவேன், நீதான் கண்டுக்கப்புடாது.

வீட்ட இடிக்கணும்ங்குறே. இடி. உங்கம்மா பொறந்து வளந்த வீடு, கேக்குறதுக்கு உனக்கு வாயி இருக்கு. "பழசாயிருச்சு மாமா, இனிமே எத்தன நாளு தாங்கும்?"னு கேட்டே. எனக்கும் 78 ஆச்சு. வீட்டப் பாக்குற அதே கண்ணால நீ என்னயும் அப்பப்ப பாக்குறது எனக்குத் தெரியாம இல்ல.

ஆனா ஒண்ணு. நீ டவுன்ல கட்டட வேல பாக்குற புள்ள. 2016ல தஞ்சாவூரு ஸ்மார்ட் சிட்டி பட்டியல்ல ஏறுனதுக்கப்புறம் எந்தத் தெருவுக்குப் போனாலும் ஒரு பக்கம் தோண்டியிருந்துச்சு, மறு பக்கம் மூடியிருந்துச்சு. நாளக்கி ஒரு பழைய கட்டடத்த உன் கையிலயும் குடுப்பாங்க. அதனால, பழைய கட்டடத்த முறையா ஒழிக்கிறது எப்புடின்னு மாமன் வாயால கேட்டுட்டுப் போ. ஜேசிபிய விட்டு இடிக்கிறது கத்துக்குட்டி வேல. ஊரு கூடும், பேப்பர்ல படம் வரும், எவனாச்சும் கோர்ட்டுக்குப் போவான். தேர்ந்த கையா இருந்தா செங்கல்ல தொடவே வேண்டியதில்ல. மூணே வழி: புகழு, பூசு, பூட்டு. கட்டடம் தானா விழுந்துரும். உம்மேல ஒரு பொல்லாப்பும் வராது.

மொதலாவது, புகழு. வாயாரப் புகழு. ஒரு கட்டடத்த "நம்ம பெருமை"ன்னு சொல்லிப்புட்டா அதோட கத முடிஞ்சுது. பெருமைய எவனாவது பெருக்குவானா?

பெரிய கோயிலயே எடுத்துக்க. கோபுர நெழலு தரையில விழாதும்பான். சொல்றவன் யாரு? அந்த நெழல்ல உக்காந்து புளிச்சோறு தின்னு, கையக் கழுவிட்டு எந்திரிச்சு வந்தவன். உச்சியில இருக்குறது ஒரே கல்லு, 80 டன்னும்பான். விவரம் தெரிஞ்சவங்க, அது பல கல்ல இழைச்சுச் சேத்ததுங்குறாங்க. நந்தி வளந்துக்கிட்டே போச்சாம், முதுகுல ஆணி அடிச்சு நிறுத்துனாங்களாம். மாப்ளே, அந்த நந்தி ராஜராஜன் வெச்சதே இல்ல, நாயக்கர் காலத்துது. 12 அடி ஒசரத்துல அதுபாட்டுக்குப் படுத்துருக்கு. வளந்ததெல்லாம் நம்ம ஆளுவ வாயிதான். ஆணிய அங்கதான் அடிச்சிருக்கணும்.

இவ்வளவு புளுகு எதுக்கு? உள்ளதச் சொன்னாலே மூச்சு நின்னுரும். கல்லே இல்லாத வண்டல் பூமி நம்மளுது. படித்துறையில துணி தொவைக்க ஒரு கல்லு போடணும்னாக்கூட வெளியூருலேருந்துதான் வரணும். அந்த மண்ணுல, 1010ல, ஏறக்குறைய 200 அடிக்குக் கருங்கல்ல அடுக்கி நிறுத்தியிருக்கான். 1954ல 1000 ரூவா நோட்டுல அந்தக் கோயில அச்சடிச்சாங்க. 1978ல அந்த நோட்டு செல்லாதுன்னுட்டாங்க. கோயிலு இன்னிக்கும் செல்லுது.

அது எப்புடி செல்லுதுன்னு கேளு. ராஜராஜன் அந்தக் கல்லுல என்ன வெட்டி வெச்சான்? "உலகப் புகழ் பெற்ற"ன்னா? தளிச்சேரிப் பெண்டுகள், அதான் கோயில்ல ஆடுறவங்க, 400 பேரு, ஒவ்வொருத்தருக்கும் பேரு, எந்தத் தெருச் சிறகுல எத்தனாவது வீடு, ஆளுக்கு வருசத்துக்கு 100 கலம் நெல்லு. அதோட விட்டானா? கொட்டு அடிக்கிறவரு, குடை பிடிக்கிறவரு, தண்ணி தெளிக்கிறவரு, துணி வெளுக்குறவரு, முடி திருத்துறவரு, தையக்காரரு, தச்சரு, கன்னாரு, கணக்கு எழுதுறவரு, எல்லாருக்கும் பங்கு போட்டு வெட்டியிருக்கான். நெல்லு அளக்குற மரக்காலுக்குச் சாமி பேரு: ஆடவல்லான். எங்க ஊருக் கணக்குல 2 கலம் ஒரு மூட்ட. நாளக்கிக் காலையில வாசல்ல தண்ணி தெளிக்க ஆளு வேணும், அந்த ஆளு வயிறு நெறயணும்னு கட்டி முடிச்ச சூட்டோட யோசிச்சவன் அவன். கல்ல நிறுத்துறது நெல்லுதான் மாப்ளே. இது அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு.

நம்ம கல்வெட்டப் பாரு. பேருந்து நிறுத்தத்துக்கு நாலு தகரம் போட்டாக்கூட கருப்புக் கல்லுல பத்துப் பேரு. தலைமை தாங்குனவரு, முன்னிலை வகிச்சவரு, திறந்து வெச்சவரு, வாழ்த்திப் பேசுனவரு. மறுநாளு அதப் பெருக்குறது யாரு, அவருக்கு எவ்வளவு? அது மட்டும் கல்லுல இருக்காது. கல்லு பத்தலயாம்.

சுவத்துல பேரு எழுதுற ஆச இன்னிக்கி வந்ததுன்னு நெனச்சுறாத. கோயில் மதில்ல ஆணியால "ரமேஷ் - சுமதி"ன்னு கீறுனவனப் புடிச்சு நாம ஏசுறோம். 1803ல சரபோஜி மன்னரு தன்னோட போன்ஸ்லே வம்சத்துக் கத மொத்தத்தயும் அதே கோயிலு திருச்சுத்துச் சுவத்துல மராட்டியில வெட்டி வெச்சாரு. அது வரலாறு. ரமேஷு கீறுனா அபராதம். என்ன பண்றது, ரமேஷுக்கு வம்சம் பத்தல.

ரெண்டாவது, பூசு. பழைய சுவத்தக் கண்டா சிமிட்டிய எடுத்து அப்பு. இதுல என் அனுபவத்தச் சொல்றேன், வெளிய சொல்லிப்புடாத.

இந்த வீடு எங்க பாட்டன் கட்டுனது. சுண்ணாம்பு வீடு. நான் சின்னப் பயலா இருந்தப்ப ஒருவாட்டி மராமத்து நடந்துச்சு. சுண்ணாம்ப நீத்து, மணலு சேத்து, மாடு கட்டிக் கல்சக்கரத்துல அரைச்சாங்க. கடுக்காயும் வெல்லமும் ஊறப் போட்ட தண்ணிய ஊத்தி ஊத்தி அரைச்சாங்க. வெல்லத்த எடுத்துத் தின்னுட்டு ஒங்க தாத்தாகிட்ட ஒத வாங்குனது நானு. கொத்தனாரு அவசரப்படவே மாட்டாரு. "சுண்ணாம்பு மூச்சு விடும் தம்பி, அதுக்கு நேரம் குடு"ம்பாரு. கெழவன் ஒளறுறான்னு நெனச்சேன்.

அப்புறம் நான் பெரிய மனுசன் ஆனேன். 30 வருசத்துக்கு முன்னாடி பின்கட்டுச் சுவரு கொஞ்சம் உதுருச்சு. சுண்ணாம்பாவது மண்ணாங்கட்டியாவதுன்னு நாலு மூட்ட சிமிட்டிய வாங்கி நானே முன்ன நின்னு வழவழன்னு பூசச் சொன்னேன். ஊரே வந்து தடவிப் பாத்துட்டுப் போச்சு. ரெண்டு மழக்காலந்தான். ஆத்தங்கரை மண்ணு, அடியிலேருந்து ஓதம் ஏறத்தான் செய்யும். சுண்ணாம்பா இருந்தா அந்த ஈரம் வெளிய வந்து காத்துல காஞ்சுரும். சிமிட்டி கதவச் சாத்திருச்சு. ஈரம் வெளிய போக வழியில்லாம உள்ளயே நின்னு, செங்கல்லுல உப்பு பூத்து, செதிலு செதிலா கொட்ட ஆரம்பிச்சுது. மேல பாத்தா சிமிட்டி நிக்குது. தட்டுனா உள்ள ஒண்ணுமே இல்ல, பறை மாதிரி சத்தம் வருது. போய் நீயும் தட்டிப் பாரு. வெள்ளையும் சொள்ளையுமா உள்ளுக்குள்ள உளுத்துப்போன மனுசங்கள நீ பாத்ததில்லயா, அதே மாதிரிதான். ஆக, வீடு கெட்டது வயசால இல்ல மாப்ளே, உன் மாமனால.

ஒடனே, "மாமாவுக்குப் புதுசுன்னாலே ஆவாது"ன்னு முகத்தத் தூக்காத. புதுசு கட்டாத ஊரு ஏது? பெரிய கோயிலுக்குள்ளயே நந்தி நாயக்கரோடது, சுப்பிரமணியரு சன்னிதி நாயக்கரோடது, முகப்புல ஒரு வாசலு மராட்டாவோடது. அரமனை நாயக்கரு போட்ட அடி, மராட்டா ஏத்துன மாடி. பெரிய கோயிலுக்குப் பக்கத்துலயே, சிவகங்கைத் தோட்டத்துல, 1779ல எழும்புன ஷ்வார்ட்ஸ் பாதிரியாரு சர்ச்சு இருக்கு. உள்ள ஒரு பளிங்குச் சிற்பம்: பாதிரியாரு சாவப் படுத்துருக்காரு, தலப்பாக் கட்டோட நம்ம சரபோஜி பக்கத்துல நிக்குறாரு. சீமையில ஃபிளாக்ஸ்மன்னு ஒரு சிற்பி செதுக்குனது. சிவனுக்கு அண்ட வீட்டுக்காரரு ஏசு, ரெண்டு பேருக்கும் இதுவரைக்கும் வரப்புத் தகராறு வந்ததில்ல.

பெரிய கோயில்ல கருவறையச் சுத்தி இருட்டா ஒரு நடை இருக்குல்ல? அங்க நாயக்கரு காலத்துப் படத்துக்கு அடியில சோழரு காலத்துப் படம் இருக்குன்னு 1931லதான் தெரிஞ்சுது. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்து கோவிந்தசாமிங்குற வாத்தியாரு வெளக்கப் புடிச்சுக்கிட்டுப் போயி பாத்தாரு. மேல பூசுனவன் கீழ இருந்தத செதுக்கி எறியல பாரு, அதனாலதான் கெடச்சுது. புதுசு ஏறட்டும், வேணாங்கல. பழசு மேல ஏறி நிக்குறப்ப அது கழுத்துல கால வெக்காம நின்னா சரி.

மூணாவது, பூட்டு. மூணுலயும் இதுதான் உசத்தி. கட்டடத்துக்கு வேல இல்லாம பண்ணிரு, சுத்தி கம்பி போடு, நீல பலகையில "பாதுகாக்கப்பட்ட சின்னம்"னு எழுதி மாட்டு. வேலயில்லாத கட்டடமும் வேலயில்லாத ஆம்பளயும் ஒண்ணு. ரெண்டே வருசத்துல தோளு சரிஞ்சுரும்.

பாவநாசம் போனா திருப்பாலைத்துறை கோயில்ல ஒரு களஞ்சியம் பாரு. வட்டமா, செங்கல்லும் சுண்ணாம்புமா, கவுத்து வெச்ச பெரிய குதிரு மாதிரி நிக்கும். ரகுநாத நாயக்கரு காலத்துது, 400 வருசம் ஆகுது. 3000 கலம் கொள்ளும். 1500 மூட்ட மாப்ளே! உள்ள இப்ப ஒரு மணி நெல்லு கெடையாது. வெளிய, அதே தாலுகாவுல, அறுத்த நெல்லக் கொள்முதல் வாசல்ல கொட்டி வெச்சுக்கிட்டு, தார்ப்பாய இழுத்து இழுத்து மூடிக்கிட்டு நாம நிக்குறோம். ஈரம் 17 சதவீதத்துக்கு மேல போனா லேசுல எடுக்க மாட்டாங்க. மானம் கறுத்தா நம்ம முகமும் கறுக்குது. 400 வருசத்துக் களஞ்சியம் காஞ்சு கெடக்கு, வருசா வருசம் நெல்லு நனஞ்சு கெடக்கு. ரெண்டுக்கும் அறிமுகம் பண்ணி வெக்க ஒரு ஆளு இல்ல. அதுக்குள்ள நெல்லக் கொட்டச் சொல்லல, கெழவன அந்த அளவுக்குப் பைத்தியம் ஆக்கிராத. அது, நெல்லுக்கு ஒரு வீடு வேணும்னு நெனச்சவன் கட்டுனது. நாம நெல்லுக்குப் படுதா வாங்குறோம்.

வேல இருக்குற கட்டடம் எப்புடி இருக்கும்னு பாக்கணுமா, அரமனைக்குப் போ. சரஸ்வதி மகாலு நூலகம். நாயக்கரு சேத்தாங்க, சரபோஜி தேடித் தேடி சேத்தாரு, 1918ல பொதுமக்களுக்குத் தொறந்து விட்டாங்க. ஓலைச்சுவடியப் பூச்சி அரிக்காம பாக்கணும், படிக்க ஆளு வருவாங்க, மேசயத் தொடைக்கணும். தினமும் கதவு தொறக்குது, அதனால சுவருக்கு உசிரு இருக்கு. ஒரத்தநாட்டுல முக்தாம்பாள் பேருல அதே சரபோஜி கட்டுன சத்திரத்தயும் பாரு. அந்தக் காலத்துல ராமேசுவரம் போறவனுக்குச் சோறு, நோயாளிக்கு மருந்து, புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம். சத்திரத்தக் கட்டுனதோட நிறுத்தாம, செலவுக்கு நெலத்தயும் எழுதி வெச்சாங்க. மறுபடியும் நெல்லு, பாத்துக்க.

அதே மகராசன் இன்னிக்கி ஒரு வேலயும் இல்லாத ஒண்ணயும் கட்டியிருக்காரு. மல்லிப்பட்டணம் பக்கம் கடக்கரையில மனோரான்னு நிக்குதே, அதான். எட்டு அடுக்கு. எதுக்குன்னு கேளு. எங்கயோ பிரான்சு தேசத்து நெப்போலியன் இங்கிலீஷ்காரன்கிட்ட தோத்தானாம், 1814ல அதுக்கு இங்க ஞாபகச்சின்னம்! நெப்போலியனுக்கு நம்ம மல்லிப்பட்டணத்து மீனுகூடத் தெரியாது. அடுத்தவன் சண்டையில செயிச்சதுக்கு நாம கோபுரம் கட்டுனா அதுல யாரு குடியிருப்பா? காத்தும் காதலருந்தான். இப்ப டவுன்ல பாரு, எந்தக் கடைக்குப் போனாலும் முகப்புல ரோமாபுரித் தூணு. உன் பிளான்லயும் ரெண்டு இருக்கு. சரபோஜி பரம்பர இன்னும் அத்துப் போகலன்னு சந்தோசமா இருக்கு.

சட்டம் இல்லயான்னு கேப்பே. இருக்கு, 1958 சட்டம், 2010ல இன்னும் இறுக்குனாங்க. மத்திய அரசு காக்குற சின்னத்துலேருந்து 100 மீட்டருக்குள்ள புதுசா கட்டப்புடாது. அதுக்கப்புறம் 200 மீட்டருக்கு அனுமதி வாங்கணும். நல்லதுதான், இல்லாட்டி பெரிய கோயிலு மதிலுலயே பரோட்டாக் கல்லு போட்டிருப்பாங்க. ஆனா பக்கத்துல கட்டப்புடாதுன்னு சொல்ற சட்டம், பக்கத்துல போயி பெருக்குன்னு சொல்லுமா? அதுக்கு வெளக்குமாறுதான் வேணும்.

எங்க பாட்டன் பூட்டனெல்லாம் இதுல பயங்கரக் கெட்டிக்காரங்க. "சுவத்துல செடி மொளைச்சிருக்கு, வந்து புடுங்குங்கடா"ன்னா எவன் வருவான்? அதனால 12 வருசத்துக்கு ஒருக்கா கும்பாபிஷேகம்னு வெச்சாங்க. சாரம் கட்டி, கோபுரத்துல மொளச்ச செடியப் புடுங்கி, விரிசல அடைச்சு, சுதைக்கு வர்ணம் கொடுத்து, அஷ்டபந்தன மருந்து இடிச்சுச் சாத்தி, கடைசியா மேல ஏறி ஒரு கொடம் தண்ணி ஊத்துவாங்க. சனம் அந்தத் தண்ணி தலையில தெளிச்சா புண்ணியம்னு ஓடி வருது. வரட்டும். புண்ணியம்னு பேரு வெச்ச மராமத்து அது. பெரிய கோயிலுக்கு 1997க்கு அப்புறம் 2020 பிப்ரவரி 5ல நடந்துச்சு. இடையில 23 வருசம். சாமி பொறுமசாலி. செடி அப்புடி இல்ல.

செடின்ன ஒடனே ஞாபகம் வருது. அங்க நிமிந்து பாரு. மச்சும் சுவரும் சேர்ற மூலையில, ரெண்டு எலை ஆடுது தெரியுதா? அரசங்கன்னு. பழத்தத் தின்ன காக்கா எச்சம் போட்டது. இப்ப சாண் ஒசரம், ரெண்டு வெரலு போதும். ரெண்டு வருசம் விட்டா அருவா வேணும். பத்து வருசம் விட்டா வேரு செங்கல்லுக்கு செங்கல்லு நொழஞ்சு, சுவரு மரத்தத் தாங்குதா, மரம் சுவரத் தாங்குதான்னு யாருக்கும் தெரியாது. அப்ப உன் ஜேசிபிதான் வழி. டவுன்ல பழைய கட்டடம் ஒவ்வொண்ணும் சாயிறது இப்புடித்தான். ராசா படையெடுப்பு எல்லாம் தாங்குன கோட்ட, காக்கா எச்சத்துல போச்சு.

எனக்கு முட்டி மடங்கல. ஏணி கொட்டாயில இருக்கு, எடுத்துட்டு வா. ஏறு. செருப்பக் கழட்டுடா, ஒங்க பூட்டன் கட்டுன சுவரு. ஒடிச்சுறாத, மேலாக்க ஒடிச்சா அதுக்கு முடி வெட்டிவிட்ட மாதிரி, இன்னும் செழிப்பா ரெட்டக் கொம்பு விடும். அடிய ஆட்டி ஆட்டி, வேரோட. ம்... வருதா? இடுக்குல பிசுறு விட்டுறாத. தொளையில சுண்ணாம்ப வெச்சு அமுக்கு, தாம்பாளத்துல குழைச்சு வெச்சிருக்கேன். ஆமா, காலையிலேருந்தே குழைச்சுத்தான் வெச்சிருக்கேன். நீ வருவேன்னு உங்கம்மா போன் பண்ணிட்டா.

எறங்கு. எவ்வளவு நேரம் ஆச்சு? அஞ்சு நிமிசம். 20 வருசம் வாங்கிக் குடுத்துட்டே போ.

இனிமே உன் பிளான எடு. நான் ஒரு தடவ முழுசா பாத்துட்டேன். தூணு ரெண்டு இருக்கு, கண்ணாடி இருக்கு, பூவு இருக்கு. 78 வயசுக் கெழவனுக்கு உக்காந்து போற மாதிரி ஒரு கக்கூசு எங்கய்யா இருக்கு? அந்தப் பின்கட்டு, என் சிமிட்டியால உளுத்ததுன்னு சொன்னேனே, அத மட்டும் இடி. அங்க கக்கூசும் குளிக்கிற அறையும் புதுசா கட்டு. புடிச்சுக்க ஒரு கம்பியும் வெய்யி. முன்கட்டுக்குச் சுண்ணாம்பு தெரிஞ்ச கொத்தனாரத் தேடு. தேடுறப்பவே நீயும் கூட நின்னு கத்துக்க. டவுன்ல நாளக்கி அந்த வேலக்கித்தான் ஆளு இருக்காது.

எங்க கெளம்புறே? கூலி வாங்கிட்டுப் போ. அடியே, மரக்காலக் கொண்டா! ஒரு மரக்கா நெல்லு, மாப்பிள்ளை துண்டுல கட்டு. இது ஆடவல்லான் மரக்கால் இல்ல மாப்ளே, உங்க அத்த மரக்கால். கொஞ்சம் கொறச்சுத்தான் அளப்பா, கண்டுக்காத. அடுத்த மழைக்கு முன்னாடி வந்தா இன்னொரு மரக்கா உண்டு.

பேரா? கல்லுல உன் பேரையும் வெட்டணுமா? வெட்டிருவோம். வீட்டுல அம்மிக்கல்லு ஒண்ணுதான் இருக்கு, உங்க அத்தய ஒரு வார்த்த கேட்டுக்குறேன்.